ஓய்வுநாள் யாருக்காக?

பத்துக் கட்டளைகள் பற்றிய வரிசையில் ஒரே ஒரு கட்டளையைத் தனி எபிசோடாக எடுத்து வைத்திருந்தேன். ஓய்வுநாள் கட்டளை. சில சபைகளின் கணக்கில் இது நான்காவது, கத்தோலிக்க, லுத்தரன் கணக்கில் மூன்றாவது. எண்ணிலேயே ஒத்துப்போகாத கட்டளைன்னா, அதைக் கடைப்பிடிக்கிற விதத்தில் எவ்வளவு கருத்து வேறுபாடு இருக்கும்னு நீங்களே பார்த்துக்கோங்க.

இதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்கிற ஒரு சகோதரி. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது டியூட்டி விழுகிறது. சபையில் ஒரு பெரியவர், "ஓய்வுநாளை மீறுற வீட்டுக்கு ஆசீர்வாதம் எப்படிம்மா வரும்?" என்று கேட்டுவிட்டாராம். அந்தச் சகோதரி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நான் மீறுகிறேனா?

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிடலாம். ஆனால் அந்தப் பெரியவரின் வாயில் வந்த வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பதில் சொன்னால், ஒரு சட்டத்துக்குப் பதிலாக இன்னொரு சட்டத்தைத்தான் நான் கையில் கொடுப்பேன். அதனால் கொஞ்சம் பின்னாடி போவோம். போகிற வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போவோம்: இந்த நாளால் யாருக்கு இளைப்பாறுதல் கிடைத்தது?

ஒரு கட்டளை, இரண்டு காரணங்கள்

பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு. ஆறு நாளில் உலகைப் படைத்த கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், நீயும் ஓய்ந்திரு என்கிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் அதே கட்டளை, ஆனால் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே என்கிறது.

அடிமைக்கு லீவு கிடையாது. பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வைத்த கதை நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வெளியே வந்த ஜனங்களிடம் சொல்லப்படுகிறது: வாரத்தில் ஒரு நாள் உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, கழுதை, உன் ஊரில் தங்கியிருக்கிற அந்நியன், எல்லாருக்கும் வேலை இல்லை. வேலைக்காரனும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்தப் பட்டியலைக் கவனியுங்க. வீட்டு எஜமான் நினைத்தால் எந்த நாளும் ஓய்வெடுக்கலாம். மாட்டுக்கும் வேலைக்காரிக்கும் அது முடியாது. ஆக, தனக்குத்தானே ஓய்வு எடுத்துக்கொள்ள முடியாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டளை பேசுகிறது.

பிற்காலத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசி யாரைக் கண்டித்தார்? ஓய்வுநாளில் வேலை செய்தவர்களை இல்லை. அன்றைக்குக் கடையை ஒழுங்காக மூடிவிட்டு, "எப்போ முடியும், எப்போ தானியம் விற்கலாம், எப்போ படிக்கல்லில் ஏமாற்றலாம்" என்று காத்திருந்த வியாபாரிகளை. சட்டப்படி அவர்கள் மேல் ஒரு குறையும் கிடையாது. கடை மூடித்தான் இருந்தது.

வேலியும் உயிரும்

இப்போ யூதர்கள் பக்கம் கொஞ்சம் நியாயமாகப் பேசுவோம். நம்ம பிரசங்கங்களில் பரிசேயர்களைக் கிண்டல் செய்வது ரொம்ப சுலபமாகிவிட்டது. அவர்கள் ஏன் அவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் போட்டார்கள் என்று நாம் கேட்பதில்லை.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் எப்பிபானஸ் என்ற கிரேக்க அரசன் ஓய்வுநாளையே தடை செய்தான். யூதர்கள் பலர் மலைக்குகைகளில் ஒளிந்தார்கள். ஓய்வுநாள் பார்த்துப் படை வந்தது. அன்றைக்கு ஆயுதம் எடுக்க மாட்டோம், ஒரு கல்லைக்கூட எறிய மாட்டோம் என்று அவர்கள் அப்படியே நின்று செத்தார்கள். சுமார் ஆயிரம் பேர் என்கிறது மக்கபேயர் முதல் நூல். கத்தோலிக்க வேதாகமத்தில் இந்த நூல் இருக்கு. அதன் பிறகுதான் மத்தத்தியாவும் அவரோடு இருந்தவர்களும் கூடி, ஓய்வுநாளில் தாக்கினால் நாமும் எதிர்த்து நிற்போம் என்று முடிவெடுத்தார்கள்.

உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஒரு நாளுக்கு வேலி போடுவது இயல்புதானே? கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகள் 39 வகை. விதைப்பது, அறுப்பது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது, முடிச்சுப் போடுவது, முடிச்சை அவிழ்ப்பது, இரண்டு எழுத்து எழுதுவது என்று போகும். அதே மிஷ்னாதான் உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் விலகி வழி விட வேண்டும் என்றும் சொல்கிறது. யூத மரபில் இன்றுவரை அசைக்க முடியாத விதி அது. நம்ம நர்ஸ் சகோதரியின் கேள்விக்கு ஒரு பழைய யூத ரபியே "போய் வேலையைப் பாரும்மா" என்றுதான் சொல்லியிருப்பார்.

அப்போ சிக்கல் எங்கே வருது? வேலி போடுவதில் இல்லை. வேலிக்கு உள்ளே யாரைக் காப்பாற்ற அதைப் போட்டோம் என்பது மறந்துபோகும்போதுதான் வருது. அதைத்தான் சட்டவாதம் என்கிறோம்.

முடிச்சை அவிழ்ப்பது

லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் 18 வருஷமாக நிமிர முடியாமல் கூனிப்போன ஒரு பெண் வருகிறார். ஓய்வுநாளில், ஜெப ஆலயத்திலேயே, இயேசு அவரைச் சுகப்படுத்துகிறார். ஜெப ஆலயத் தலைவருக்குக் கோபம். வேலை செய்ய ஆறு நாள் இருக்கே, அந்த நாள்களில் வந்து குணமாகிக்கொள்ளுங்கள் என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. 18 வருஷம் பொறுத்தாச்சு, இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்ன, உயிருக்கு ஆபத்து இல்லையே என்பது அவர் கணக்கு.

இயேசுவின் பதில் மாட்டுத் தொழுவத்திலிருந்து வருகிறது. ஓய்வுநாளில் உங்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறீர்களே, இந்தப் பெண்ணின் கட்டை அவிழ்க்கக்கூடாதா? மாட்டை அவிழ்ப்பதற்கும் பெண்ணை அவிழ்ப்பதற்கும் கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல்தான். ஓய்வுநாள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கட்டு அவிழ்வதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் வேறு ஏது என்கிறார். உபாகமத்தின் காரணம் இங்கே திரும்பி வருகிறது: அடிமைத்தனத்திலிருந்து விடுதலை.

மத்தேயு சுவிசேஷத்தில் இன்னொரு விஷயம் இருக்கு. வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை இளைப்பாறுதலுக்கு அழைக்கிற புகழ்பெற்ற பகுதி 11-ஆம் அதிகாரத்தின் கடைசியில் வருகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் 12-ஆம் அதிகாரம் நேராக ஓய்வுநாள் சண்டையில் தொடங்குகிறது. பசித்த சீஷர்கள் வயலில் கதிரைக் கொய்து தின்றார்கள், அது அறுவடையா இல்லையா என்று வழக்கு. அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் போட்டது. அந்தக் கோட்டை எடுத்துவிட்டுப் படித்தால், இளைப்பாறுதல் என்றால் என்ன என்பதற்கு வயலும் பசியும்தான் விளக்கம் என்று தெரியும்.

விடியலுக்கு முன் கூடியவர்கள்

சரி, ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்தது? வாரத்தின் முதல் நாள் இயேசு உயிர்த்தெழுந்த நாள். அதனால் அன்றைக்குக் கூடினார்கள். ஆனால் ஒன்று நமக்கு மறந்துபோச்சு. முதல் முந்நூறு வருஷம் ஞாயிறு என்பது லீவு நாளே இல்லை.

கி.பி. 112-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வட பகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடிவதற்கு முன்பே கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், பிறகு கலைந்துபோய் மறுபடி சாப்பிடக் கூடுகிறார்கள் என்று. சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். ஏன் விடியலுக்கு முன்? மறைவாகக் கூட வேண்டிய தேவையும் இருந்திருக்கும். ஆனால் விடிந்தால் எஜமானுக்கு வேலை செய்ய வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஞாயிறு வேலைக்குப் போவது பாவம் என்றால், அந்த முதல் சபைகளின் அடிமைகள் எல்லாரும் வாராவாரம் பாவம் செய்தவர்கள்!

பவுல் ரோமருக்கு எழுதியதை இந்தச் சூழ்நிலையில் வைத்துப் படியுங்க. ஒருவர் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறார், இன்னொருவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறார், அவரவர் மனதில் நிச்சயத்தோடு இருக்கட்டும் என்கிறார். கொலோசெயருக்கு எழுதும்போது, ஓய்வுநாளை வைத்து ஒருவரும் உங்களைக் குற்றவாளியாகத் தீர்க்க இடம் கொடுக்காதீர்கள் என்கிறார்.

ஞாயிறு அரசு விடுமுறையானது கி.பி. 321 மார்ச் 7-ஆம் தேதி. பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணை. நீதிபதிகள், நகரவாசிகள், பட்டறைகள் எல்லாருக்கும் ஓய்வு. விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு, பருவம் தவறினால் பயிர் போய்விடுமே. அதே வருஷம் ஜூலையில் இன்னொரு ஆணை: ஞாயிறன்று நீதிமன்ற வழக்குகள் கூடாது, ஆனால் அடிமைகளை விடுதலை செய்யும் பத்திரங்களை அன்றைக்கும் பதியலாம். கான்ஸ்டன்டைனின் அரசியல் நோக்கங்கள் என்ன என்று தனியாக ஒரு எபிசோடே பேசலாம். ஆனால் அந்த நாளின் ஆதி நோக்கத்துக்கு இவ்வளவு நெருக்கமான இன்னொரு சட்டத்தை நான் பார்த்ததில்லை.

கொளுத்தப்பட்ட அரசாணை

இப்போ ஆயிரத்து முந்நூறு வருஷம் தாண்டி இங்கிலாந்துக்கு வருவோம். நம்ம ஊர்ச் சபைகளில் கேட்கிற ஞாயிறு கட்டுப்பாடுகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான்.

லூத்தரும் கால்வினும் இதில் கண்டிப்பானவர்கள் இல்லை. வேலைக்காரர்களுக்கு ஓய்வு வேண்டும், சபை கூட ஒரு நாள் வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். 1530-இல் வந்த அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை, ஓய்வுநாளுக்குப் பதிலாக ஞாயிற்றைக் கட்டாயச் சட்டமாக்குவது தவறு என்றே சொல்கிறது. ஆனால் இங்கிலாந்தில் ப்யூரிட்டன்கள் வேறு பக்கம் போனார்கள். 1595-இல் நிக்கலஸ் பவுண்ட் என்ற போதகர் எழுதிய புத்தகம், பழைய ஓய்வுநாளின் முழுக் கண்டிப்பையும் ஞாயிற்றுக்குக் கொண்டுவந்தது.

1617-இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் லங்காஷயர் வழியாகப் போனபோது மக்கள் முறையிட்டார்கள், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகுகூட விளையாட விடமாட்டேங்கிறாங்க என்று. 1618-இல் அவர் நாடு முழுவதுக்கும் ஓர் அறிக்கை விட்டார். விளையாட்டுப் புத்தகம் என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆராதனைக்குப் பிறகு நடனம், வில்வித்தை, தாண்டுதல் எல்லாம் செய்யலாம். அவர் சொன்ன காரணத்தைப் பாருங்க: மற்ற நாளெல்லாம் பிழைப்புக்காக உழைக்கிற ஏழை ஜனங்கள் இந்த நாளில் இல்லாமல் வேறு எப்போது விளையாடுவார்கள்?

1633-இல் அவர் மகன் முதலாம் சார்லஸ் அதை மறுபடி வெளியிட்டு, எல்லாச் சபைகளிலும் வாசிக்க வைத்தார். வாசிக்க மறுத்த போதகர்கள் சிலர் பதவி இழந்தார்கள். பத்து வருஷம் கழித்து ப்யூரிட்டன்கள் கை ஓங்கியது. 1643-இல் பாராளுமன்றம் அந்தப் புத்தகத்தைப் பொது இடத்தில் கொளுத்தச் சொன்னது. ஓய்வைப் பற்றிய சண்டையில் இரண்டு பக்கமும் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை! விளையாடு என்று ஓர் அரசன் கட்டாயப்படுத்துகிறான். விளையாடாதே என்று ஒரு பாராளுமன்றம் கட்டாயப்படுத்துகிறது.

ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஒரு வருஷம் 1647. கிறிஸ்துமஸ் உட்பட எல்லாத் திருநாள்களையும் ரத்து செய்த அதே பாராளுமன்றம், மாணவர்களுக்கும், தொழில் பழகும் பையன்களுக்கும், வேலைக்காரர்களுக்கும் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் விட்டுக்கொடுத்தது. மனுஷனுக்கு விளையாட நேரம் வேண்டும் என்று அவர்களுக்கும் புரிந்தது. ஜேம்ஸ் கேட்ட கேள்விக்கு அவரை வெறுத்தவர்களே பதில் எழுதினார்கள்.

ஓய்வே பொதுவாக இல்லாமல் போனால்?

இதுவரை கேட்டவர்கள், "அப்போ நாளெல்லாம் ஒண்ணும் முக்கியமில்லை, அவரவர் சௌகரியம்" என்று நினைக்கலாம். அதையும் ஒரு நாடு செய்து பார்த்தது.

1929-இல் சோவியத் ஒன்றியம் ஏழு நாள் வாரத்தையே எடுத்துவிட்டது. ஐந்து நாள் சுழற்சி. தொழிலாளர்களை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வு. இயந்திரம் ஒரு நாளும் நிற்காது. ஞாயிறு ஆராதனையும் தானாகவே குலையும். கணக்குப்படி பார்த்தால் தொழிலாளிக்கு ஓய்வு கூடுதல்தான், ஏழு நாளுக்கு ஒன்று போய் ஐந்து நாளுக்கு ஒன்று. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், பிள்ளைக்குப் பள்ளியில் இன்னொரு நாள். இது என்ன விடுமுறை என்று தொழிலாளர்களே புலம்பினார்கள். 1931-இல் ஆறு நாள் வாரம் என்று மாற்றிப் பார்த்தார்கள். 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் திரும்பி வந்தன.

தனியாகக் கிடைக்கிற ஓய்வு பாதி ஓய்வுதான். வீட்டோடு, சபையோடு சேர்ந்து கிடைத்தால்தான் அது நிறைவு. அதனால் பொதுவான ஒரு நாளைக் காப்பாற்றுவது சட்டவாதம் இல்லை. அதைக் காப்பாற்ற யாரோ ஒருவரை மிதிக்கும்போதுதான் அது சட்டவாதமாகிறது.

ஒரே மனுஷன், இரண்டு ஞாயிறுகள்

எரிக் லிடெல் பெயரைக் கேட்டிருப்பீங்க. சீனாவில் மிஷனரிக் குடும்பத்தில் 1902-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் ஓடவில்லை. சினிமாவில் காட்டியதுபோலக் கடைசி நேரத்தில் தெரிந்த விஷயம் இல்லை. பல மாதங்களுக்கு முன்பே அட்டவணை தெரிந்து, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். ஜூலை 11-இல் 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். இந்தக் கதையைப் பிரசங்கத்தில் இதோடு நிறுத்திவிடுவோம்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. 1925-இல் அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். போர்க்காலத்தில், 1943-இல், ஜப்பானியர் அவரை ஷாண்டாங் மாகாணத்தில் வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் கனடாவில். முகாமில் சுமார் 1,500 பேர். அதில் மிஷனரிகளின் பள்ளியிலிருந்து பெற்றோர் இல்லாமல் வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். லிடெல் அவர்களுக்குப் பாடம் நடத்தினார், விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு மட்டும் விளையாட்டு இல்லை.

பிள்ளைகள் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாத ஆட்டம், சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெலே மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிற்றை, தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரி 21-இல், முகாம் விடுதலையாகும் முன்பே, மூளைக் கட்டியால் இறந்துபோனார்.

அவர் கொள்கை மாறிவிட்டதா? நான் அப்படிப் படிக்கவில்லை. பாரிஸில் அந்த நாள் அவருடையது, அதைக் கடவுளுக்குக் கொடுத்தார். வெய்ஷியனில் அந்த நாள் பிள்ளைகளுடையது, அதை அவர்களுக்குக் கொடுத்தார். இரண்டு இடத்திலும் அந்த நாளைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு வித்தியாசமும் இருக்கு. பாரிஸில் அவர் தன் மேல் போட்டுக்கொண்ட கண்டிப்பை மற்ற ஓட்டக்காரர்கள் மேல் போடவில்லை. என் மனசாட்சி எனக்கு, உன் மனசாட்சி உனக்கு. பவுல் ரோமருக்குச் சொன்னது இதைத்தான்.

இப்போ அந்தச் சகோதரியின் கேள்வி

இல்லைம்மா, நீங்க மீறவில்லை. வார்டில் நிமிர முடியாமல் படுத்திருக்கிறவருக்கு நீங்கள் தண்ணீர் கொடுக்கிற ஞாயிறு, லூக்கா 13-ஆம் அதிகாரத்து ஞாயிறு. இரக்கத்தின் வேலை, அவசிய வேலை இரண்டுக்கும் ஓய்வுநாளில் இடம் உண்டு என்று 1646-இல் முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே, அவ்வளவு கண்டிப்பான அறிக்கையே, ஒப்புக்கொள்கிறது.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. நீங்கள் எப்போது இளைப்பாறுகிறீர்கள்? செவ்வாய்க்கிழமை ஆஃப் கிடைத்தால், அன்றைக்கு வீட்டில் துணி துவைத்து, மூன்று வேளை சமைத்து, அடுத்த டியூட்டிக்கு ஓடுகிறீர்களா? அப்படியென்றால் கட்டளை உங்கள் விஷயத்தில் மீறப்படுகிறது. மீறுவது நீங்கள் இல்லை, உங்களைச் சுற்றி இருக்கிறவர்கள்.

அந்தப் பெரியவரிடமும், நம் எல்லாரிடமும் ஒரு வார்த்தை. நாம் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுத் தூங்குகிறோம். அந்தப் பிரியாணிக்குக் காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படியில் நின்றது யார்? சாப்பிட்ட பாத்திரம் கழுவ அன்றைக்கும் வருகிற அக்காவுக்கு எந்த நாள் ஓய்வு? சபை வாசலில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேனுக்கு? உபாகமத்தின் பட்டியலில் முதலில் வரவேண்டியவர்கள் இவர்கள்தான். ஓய்வுநாளை யார் மீறினார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அது யாருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று எண்ணத் தொடங்கினால், அந்தக் கட்டளை மறுபடி நற்செய்தியாகக் கேட்கும்.

அடுத்த எபிசோடில் தாய் தகப்பனைக் கனம்பண்ணுகிற கட்டளை. அதுவரைக்கும், முடிந்தால் இந்த வாரம் ஒரு நாள் உங்க வீட்டில் யாராவது ஒருவருடைய வேலையை நீங்க வாங்கிச் செய்யுங்க. அவங்க உட்காரட்டும்.